லுவோ வாத்தியாரின் வெள்ளைப் பக்கம்

ஆற்றங்கரை ஊரான லியூமாவில் ஒருவருக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டுமானால், அவர் படித்துறை டீக்கடைக்குள் நுழையும் நேரம் நாமும் உள்ளே இருந்தால் போதும். தலை தெரிந்ததும் நாலா பக்கமும் கூச்சல் கிளம்ப வேண்டும். "அண்ணன் டீ என் கணக்கு!" "உன் கணக்கக் கொண்டுபோய் ஆத்துல போடு, அது என் கணக்கு!" கத்துகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் டீக்கே கடன் சொல்லி உட்கார்ந்திருப்பார்கள். அது வேறு விஷயம். கத்தினார்களா இல்லையா என்பதுதான் பேச்சு.

லுவோ ஷௌதியன் ஷாங்ஹாயிலிருந்து ஊர் திரும்பிய அன்று அப்படித்தான் கத்தினார்கள். நாவலாசிரியர் என்பதற்காக இல்லை. அவர் அதுவரை எழுதியிருந்த இரண்டு நாவல்களையும் லியூமாவில் ஒரு ஜீவன் தொட்டதில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவர், அதுவும் எதையும் திருடாமல் போய் வந்தவர் என்பதற்காக. அப்படி ஓர் ஆளை ஊர் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் மட்டும் யாருக்கும் கத்த மாட்டார். அந்தக் கூச்சலெல்லாம் பண்ணையார் காலத்துப் பாசாங்கு என்பது அவருடைய கொள்கை. கூச்ச சுபாவமும் ஒரு காரணம். ஆனால் கொள்கை என்று சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது அல்லவா?

உப்புப் படகு ஓட்டிய குடும்பம். மகன் கணக்கு எழுதப் படித்தால் போதும் என்று அப்பா செங்டுவுக்கு அனுப்பினார். மகன் அங்கே கணக்கை விட்டுவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டான். அங்கிருந்து நேராக ஷாங்ஹாய். சமையலறைக்கு மேலே ஒரு பொந்து அறை; கீழே வீட்டுக்காரி மீன் வறுத்தால் மேலே இவருக்கு இருமல். இருமிக்கொண்டே உலகத் தொழிலாளிகளை எல்லாம் விடுவித்துக்கொண்டிருந்தார். பஞ்சாலைப் பெண்களைப் பற்றி முதல் நாவல். ஆலைக்குள் விட மாட்டார்கள் என்பதால் தினமும் வாசலில் நின்று கவனித்தார். ஒருநாள் ஒரு பெண் சாப்பாட்டுத் தூக்கை ஓங்கிக்கொண்டு நேரே வந்தாள்.

"ஏன்யா, வெக்கமா இல்ல? தெனம் தெனம் வந்து பொம்பளைங்கள மொறச்சுப் பாக்குறியே, உனக்கு அக்கா தங்கச்சி கெடையாதா?"

"அம்மா, நான் உங்க பக்கம். உங்களப் பத்தித்தான் எழுதுறேன்."

"எங்களப் பத்தி என்னடா எழுதுவ, நீ எங்களோட பேசினதே இல்லையே!"

இதை அவர் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஜெயிலுக்குப் போனதும் பெரிய வீரத்தினால் இல்லை. பத்திரிகை ஆசிரியர் ஒருவரைப் பிடிக்கப் போலீஸ் வந்தது. ஆசிரியர் கொல்லைப்புறமாகப் போய்விட்டார். சன்மானம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த லுவோ மாட்டினார். ஆறு மாதம். உள்ளே மூட்டைப்பூச்சியும் வெளியே புகழும் வளர்ந்தன. வெளியே வந்தபோது போர் தொடங்கியிருந்தது. ஷாங்ஹாயில் குண்டு விழ, ஆற்றோடு மேலேறி ஊருக்கே வந்து சேர்ந்தார். தொடக்கப் பள்ளியில் வேலை கிடைத்தது. அன்று முதல் ஊருக்கு அவர் லுவோ வாத்தியார்.

ஊறுகாய்க்கடைக்காரர் மகள் ஷியூஜுனைக் கட்டிக்கொண்டார். அவள் நான்கு வகுப்புப் படித்தவள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். கல்யாணத்துக்குமுன் அவருடைய இரண்டு நாவல்களையும் வாங்கிப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் நின்னுக்கிட்டே பேசுறாங்க. ஒருத்தராவது உக்காந்து சாப்பிட மாட்டாங்களா?" என்று கேட்டாள். லுவோ மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் தேதி குறித்தார்கள்.

மூன்றாவது நாவலுக்கு, நெல் அளக்கிற பாத்திரத்தின் பேரில், 'மரக்கால்' என்று பெயர். வெய் என்கிற ஊர்த்தலைவன் போரைச் சாக்குவைத்துக் குடியானவர்களின் நெல்லைக் கொள்ளையடிக்கிற கதை. செங்டுவில் ஒரு மாதப் பத்திரிகை அதைத் தொடராகப் போட்டது. இவர் கிறுக்குவதை ஷியூஜுன் நல்ல பிரதியாக எழுதிக் கொடுப்பாள். அது படகில் போகும். அங்கே தணிக்கை அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரசாங்கத்தைத் தொடும் வரிகளை அவர் வெட்டிவிடுவார். வெட்டிய இடத்தை வேறெதையும் வைத்து நிரப்பாமல் வெள்ளையாகவே விட்டு அச்சடிப்பது பத்திரிகைக்காரரின் வீம்பு. அதனால் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பூச்சி அரித்த துணிபோல அங்கங்கே ஓட்டை இருக்கும்.

டீக்கடையில் அதை உரக்கப் படிக்கிறவன் கடை வேலையாள் சாங். நீளக் குழல் வைத்த செப்புக் கெண்டியால் நாலடி தூரத்திலிருந்து கிண்ணத்துக்குள் வெந்நீர் ஊற்றுவானே, அவன்தான். சந்தை நாள் காலையில், கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு ஒரு பெஞ்சுமேல் ஏறி நிற்பான். வெள்ளை ஓட்டை வந்தால் நிறுத்தி, "இங்க வெட்டிட்டாங்கய்யா. என்ன இருந்திருக்கும்?" என்பான். கடை ஆளுக்கொன்று சொல்லும். எது நன்றாக இருக்கிறதோ அது நிற்கும். சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அதுதான் கதை. எது அச்சில் இருந்தது, எது டீக்கடை போட்டது என்று அதற்குப்பின் யாருக்கும் நினைவிருக்காது. அந்த நேரத்தில் லுவோ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பார். தன் நாவல் இப்படி வளர்வது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்த நேரத்தில்தான் பெங் தெமாவுக்குக் கோபம் வந்தது. லியூமாவில் போர்வரி நெல்லை அளந்து வாங்குகிற அதிகாரம் பெங்கிடம் இருந்தது. கனத்த சரீரம், கனத்த செருப்பு, நடந்தால் பலகைப் பாலம் முனகும். அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. ஆனால் ஊர் பேசுவது காதில் விழாமல் இருக்குமா? வெய் என்று எழுதியிருப்பது தன்னைத்தான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. 'தீர்வு டீ' கூப்பிட்டுவிட்டார்.

அந்தப் பக்கத்தில் கோர்ட்டுக்குப் போகிறவன் கிறுக்கன். இரு தரப்பும் ஊரைக் கூட்டிக்கொண்டு டீக்கடைக்கு வர வேண்டும். எல்லாருக்கும் டீ ஊற்ற வேண்டும். நடுவர் இரண்டு பக்கமும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வார். தோற்றவன் கடை முழுவதற்கும் காசு கொடுத்துவிட்டுச் சொன்னதைச் செய்ய வேண்டும். மாட்டேன் என்றால் படகுக்காரன் அவன் மூட்டையைத் தொட மாட்டான், முடிவெட்டுகிறவன் அவன் தலையைத் தொட மாட்டான். பெங் கேட்டது ஒன்றே ஒன்று: தான் ஜெயித்தால் நாவலின் மிச்சம் முழுவதும் டீக்கடை அடுப்பில் போக வேண்டும்.

மிச்சம் என்றால் இன்னும் அச்சாகாத பாதி நாவல். வேறு பிரதி கிடையாது. அதைவிட லுவோவைச் சுட்டது வேறொன்று. தீர்வு டீக்கு நாள் குறித்த மறுநாள் அவர் கடைக்குள் நுழைந்தபோது ஒரு சத்தமும் இல்லை. பெங்கைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் தைரியம்? எல்லாரும் தங்கள் கிண்ணத்தின் அடியில் எதையோ தேடினார்கள். பண்ணையார் காலத்துப் பாசாங்கு என்று அவர் சொன்ன அந்தக் கூச்சல் இல்லாமல் கடை அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது, அவர் அவ்வளவு சிறியவராகத் தெரிந்தார். தன் டீக்குத் தானே காசு வைத்துவிட்டுப் பாதியில் எழுந்து வந்தார்.

"ஊரவிட்டுப் போயிடலாமா ஷியூஜுன்?"

"போலாம். மிளகாய் ஜாடி பதினொண்ணு இருக்கு. நீங்க தூக்கிக்கிட்டு நடங்க, நான் பின்னால வர்றேன்."

"விளையாடாத. அந்த ஆளு ஜெயிச்சுட்டா எல்லாம் சாம்பலாயிடும்."

"மொதல்ல நீங்க ஒழுங்கா சாப்பிடுங்க. பட்டினியா போயி நின்னா தோத்தவன் மாதிரியே இருப்பீங்க."

தீர்வு டீ அன்று கடை நிரம்பி வழிந்தது. நடுவர் மருந்துக்கடை ஹௌ. எழுபது வயது, எல்லாருடைய வயிற்று ரகசியமும் தெரிந்தவர். ஷியூஜுன் நீலத்துணியில் கட்டிய கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"அம்மா, அத மேசைமேல வைக்கணும்" என்றார் ஹௌ.

"தீர்ப்பு வரட்டும் மாமா. வேணுங்கறவங்க அப்ப என்னை எழுப்பிட்டு எடுத்துக்கட்டும்."

ஹௌ ஒரு சூரியகாந்தி விதையைக் கடித்தார். "பெங், உன் வழக்கச் சொல்லு."

"என்னத்தச் சொல்றது? ஊரே சிரிக்குது! இந்த ஆளு எழுதியிருக்கிற வெய் நான்தான்!"

"அப்படியா. கதையில வெய்க்கு மூணு பொண்டாட்டி. உனக்கு எத்தன?"

"ரெண்டு!"

"அக்கரையில இருக்கறது கணக்குல வராதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கடை குலுங்கியது. பெங்கின் காது சிவந்தது. லுவோ சிரிக்கவில்லை. அவருடைய கண் ஷியூஜுன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே இருந்தது.

"பொண்டாட்டி கத கெடக்கட்டும்! களத்துமேட்டுல நடக்கறத எழுதியிருக்கான் பாருங்க, அதுக்குத்தான் வந்தேன். மரக்கால்ல நெல்லு கொட்டினதும் வெய் காலால ஓங்கி ஒதைப்பானாம். ஒதைச்சதும் நெல்லு கீழ எறங்குமாம். எறங்கின எடத்துல மேல மேல கும்பாரமா கொட்டச் சொல்லுவானாம். இது நான்னு கண்ணில்லாதவனுக்குக்கூடத் தெரியுமே!"

கடை தலையாட்டியது. எல்லாரும் கேட்ட கதைதான். ஹௌவும் தலையாட்டினார், அவருக்கு இதை இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் ஐந்தாறு பேர் சொல்லியிருந்தார்கள்.

லுவோவுக்கு மட்டும் தூக்கிவாரிப்போட்டது. உதையா? நான் எங்கே உதையைப் பற்றி எழுதினேன்? "ஐயா, நான் அப்படி..." என்று வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே ஷியூஜுனின் கால் அவர் காலை நசுக்கியது. நல்ல பிரதி எழுதினவள் அவள். என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் குரலில் தேன் ஒழுகியது.

"மாமா, பெங் ஐயா சொல்றது எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டச் சொல்லுங்க. எழுதியிருந்தா நானே எந்திரிச்சுர்றேன்."

"அதானே. சாங், அந்தப் பத்திரிகையக் கொண்டா."

சாங் கொண்டுவந்தான். ஹௌ கண்ணாடியை மாட்டினார். புரட்டினார். நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பிறகு உரக்கப் படித்தார்: "வெய் களத்துக்கு வந்தான். மரக்காலைக் கொண்டுவரச் சொன்னான்." அவருடைய விரல் வெள்ளைமேல் மெதுவாக இறங்கிப் பக்கத்தின் அடிக்குப் போனது. "குடியானவர்கள் வாய் திறக்காமல் வீடு திரும்பினார்கள்."

"நடுவுல?" என்றார் பெங்.

"நடுவுல ஒண்ணுமில்ல. வெள்ளத்தாளு. நீயே பாரு."

பெங் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அவர் பிழைத்திருப்பார். ஆனால் கோபம் வந்தவனுக்கு வாய் எங்கே மூடும்?

"இது மோசடி! ஊரே சொல்லுதே! நான் ஒதைக்கறதையும் எழுதியிருக்கான், வலது செருப்புக்குள்ள ஈயத்தகடு வச்சிருக்கறதையும் எழுதியிருக்கான்!"

சாங் கெண்டியைக் கீழே வைத்தான்.

"ஈயத்தகடா?" என்றான் சாங், நிஜமான ஆச்சரியத்தோடு. "முதலாளி, ஒதை நாங்க சொன்னது. தகடு எங்களுக்கே தெரியாதே!"

எழுந்த சிரிப்பில் கூரையிலிருந்து கரி உதிர்ந்தது. ஒரு கிழவன் சிரித்து விக்கிக்கொண்டு பெஞ்சிலிருந்து விழுந்தான். ஹௌ மட்டும் சிரிக்காமல் விதையைக் கொறித்தார். சத்தம் அடங்கியதும் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"பெங், அந்தச் செருப்பக் கொஞ்சம் கழட்டு. பாத்துட்டாத் தீந்துபோச்சு."

பெங் காலை பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். கடை முழுவதும் குனிந்து பார்த்தது. நெற்றியைத் துடைத்துக்கொண்டார், தன் ஆட்களைப் பார்த்தார், அவர்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டீக்கு... நானே காசு குடுத்துர்றேன்" என்றார்.

தீர்ப்பு அவ்வளவுதான். இனிமேல் நெல்லை அளக்கும்போது பெங் வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்று ஹௌ ஒரு வரி சேர்த்தார். அதற்கும் சிரிப்பு. ஷியூஜுன் அப்போதுதான் எழுந்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் லுவோவின் கால் தரையிலேயே இல்லை. பாலத்தின் நடுவில் அவள் கேட்டாள்.

"அந்த ஓட்டையில நெசமா என்ன எழுதியிருந்தீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. செங்டுவிலிருந்து வந்த ஒரு மாணவன் வண்டிமேல் ஏறி நின்று, நிலம் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு பக்கத்துக்குப் பேசுகிறான். குடியானவர்கள் கண்ணீர் விடுகிறார்கள்.

"நல்லாத்தானே இருந்துச்சு" என்றார், அவ்வளவு நம்பிக்கை இல்லாமல்.

"அத எழுதும்போது ரெண்டு தடவ நான் தூங்கிட்டேன். தணிக்கைக்காரர் உங்களுக்குப் பண்ணின உபகாரத்த யாரு பண்ணுவா? ஒரு ஜாடி முள்ளங்கி ஊறுகா அனுப்பி வைக்கலாம்."

லுவோ கோபித்துக்கொள்ளத்தான் பார்த்தார். பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு கோணியது, தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார். வீட்டுக்கு வந்து நீலத்துணியை அவிழ்த்து மிச்சப் பாதியைப் படித்துப் பார்த்தார். அந்த மாணவன் இன்னும் ஐந்து இடத்தில் வண்டிமேல் ஏறினான். பெங் அடுப்பில் போடப் பார்த்ததை லுவோ தன் கையாலேயே போட்டார். அதன் சூட்டில் ஷியூஜுன் தோஃபு என்கிற மெத்தென்ற சோயாக் கட்டி செய்து, மிளகாய் விழுதோடு வைத்தாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதற்குப்பின் பள்ளி விட்டதும் நேராக டீக்கடைதான். பேச மாட்டார், கேட்பார். களத்தில் என்ன நடக்கிறது, படகில் என்ன நடக்கிறது, யார் வீட்டில் யார் எதற்காக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எல்லாம் கேட்டார். 'மரக்கால்' நாவலின் மறு பாதியைப் புதிதாக எழுதினார். அதில் எல்லாரும் சாப்பிடுகிறார்கள், திட்டுகிறார்கள், அளவு கூட நெல்லுக்குள் ஈரம் ஏற்றுகிறார்கள். வெய்யின் செருப்புக்குள் தகடு இருக்கிறது.

பிறகு அவர் இன்னும் முப்பது வருஷம் எழுதினார். பட்டணத்தில் பதவி கொடுத்தார்கள், பறித்தார்கள், மன்னிப்புக் கேட்காமல் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருமுறை தண்டனையாக நான்கு வருஷம் பன்றிக்கு இலை நறுக்கினார். பன்றிகளைப் பற்றி நல்ல அபிப்பிராயத்தோடு திரும்பினார். புத்தகங்கள் வந்தன, பாராட்டுக் கூட்டங்கள் நடந்தன. ஆனால் எழுத்தில் உங்களுக்குக் கிடைத்த பெரிய பெருமை எது என்று யாராவது கேட்டால் இவற்றில் எதையும் சொல்ல மாட்டார். 'மரக்கால்' நாவலின் புதிய அத்தியாயம் வெளிவந்த காலையைச் சொல்வார்.

அன்று பள்ளிக்கு விடுமுறை. பத்திரிகை வந்த படகையே போய்ப் பிடித்துப் பிரித்துப் பார்த்தார். தலைப்பு இருந்தது. அவர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே எட்டுப் பக்கமும் வெள்ளை. ஒரு கமா இல்லை. கடைசி அட்டையில், இத்துடன் பத்திரிகை நிறுத்தப்படுகிறது என்று ஒரு வரி. வாழ்க்கையில் முதன்முதலாகத் தூங்க வைக்காத ஒன்றை எழுதியிருந்தார். அதை ஒருவரும் படிக்கப்போவதில்லை. படித்துறைக் கல்லில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. வெட்கப்படாமல் கொஞ்சம் அழுதார்.

எழுந்து மேலே வந்தபோது டீக்கடையில் சாங்கின் குரல் கேட்டது. கடையின் பிரதியும் அதே படகில் வந்திருந்தது. லுவோ வாசலில் நின்றார். சாங் பெஞ்சுமேல் ஏறி, வெள்ளைத் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் படித்துக்கொண்டிருந்தான்.

"...அப்ப வெய் களத்துக்கு வர்றான். காலையில ரெண்டு கிண்ணம் கஞ்சி குடிச்ச தெம்பு. சரி, அடுத்தது யாரு?"

"நான் சொல்றேன்! வந்ததும் வானத்தப் பாக்குறான். மழை வரும்னு பயங்காட்டினாத்தான் அளவு சீக்கிரம் முடியும்."

"பலே. பக்கம் திருப்புறேன்."

இன்னொருவன் எடுத்துக்கொண்டான். அவனிடமிருந்து ஒரு படகுக்காரன். சில இடத்தில் லுவோ எழுதியதேதான் வந்தது; அவரும் அவர்களிடம்தானே கேட்டிருந்தார். சில இடத்தில் அவருக்குத் தோன்றாதது வந்தது. அவர் மெல்ல உள்ளே நகர்ந்து ஓரத்தில் நின்றார். ஒருவரும் திரும்பவில்லை. அவ்வளவு ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப காலத் தூக்குறான். வலது கால். செருப்புக்குள்ள என்ன?"

"ஈயத்தகடு!" என்றது கடை ஒரே குரலில்.

"ஈயமில்ல."

மூலையிலிருந்து வந்த குரல். வைக்கோல் செருப்புப் போட்டுக்கொண்டு பெங் தெமாவ் உட்கார்ந்திருந்தார். தீர்வு டீக்குப் பிறகு அவருக்கும் யாரும் கத்துவதில்லை. தன் டீக்குத் தானே காசு வைத்துத் தனியாகக் குடித்துவிட்டுப் போவார். அன்று கிண்ணத்தை மேசைமேல் வைத்தார்.

"ஈயம் ஒதைச்சா நசுங்கிப்போவும். இரும்பு. அன்னிக்குக் கோவத்துல வாய் தவறி ஈயம்னுட்டேன். எழுதினா சரியா எழுதுங்கய்யா."

கடை அவரைப் பார்த்தது. சாங் பெஞ்சின் மேலிருந்தபடியே, தாளில் அதைத் தேடிக் கண்டுபிடித்தவன்போல விரலை வைத்து, "ஆமா, இரும்புன்னுதான் போட்டிருக்கு. நான்தான் தப்பாப் படிச்சுட்டேன்" என்றான்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருவன் லுவோவைப் பார்த்துவிட்டான். "அடடே, வாத்தியாரு! வாத்தியார் டீ என் கணக்கு!" அவ்வளவுதான், கடை அதிர்ந்தது. "என் கணக்கு!" "நேத்தே சொல்லி வச்சேன், என் கணக்கு!" கடன்காரர்கள்தான் உரக்கக் கத்தினார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட லுவோவுக்கு அவகாசம் இல்லை.

அவர் கையைத் தூக்கினார். ஊரில் அவர் அதுவரை யாருக்கும் செய்யாத காரியம். அவரே கத்தினார்.

"பெங் முதலாளி டீ என் கணக்கு!"

பெங் தலை நிமிராமல் கிண்ணத்தின் மூடியைத் திறந்து ஓரத்தில் சாய்த்து வைத்தார். இன்னும் வெந்நீர் ஊற்றலாம் என்று அர்த்தம். சாங் கெண்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனான். மீதிப் பக்கங்களை யார் படிப்பது என்று தகராறு வந்தது. வாத்தியாரையே படிக்கச் சொன்னார்கள். அவர் தாளை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.